உபரி நீர்

அரசலாற்று ரெகுலேட்டரில் ஏழு ஷட்டர்.
நான் லஸ்கர்.
சாவி என்னிடம், உத்தரவு மேலே.

கொட்டகையில் அண்ணன் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகம் கிடக்கிறது.
கறையான் தின்றது போக
இரண்டு நூற்றாண்டு மிச்சம்.
ராத்திரி முறையில் அதைத்தான் புரட்டுவேன்.
பாதி புரியும்,
மீதியை ஆறு இரைந்து மூடிவிடும்.

அந்த ஊரில் பட்டத்துப் பிள்ளைக்கு தொஃபேன் என்று பெயர்.
ஓங்கில் என்று அர்த்தம்.
கிளிஞ்சல்மேட்டில் வலையைக் கிழித்துவிட்டு
ஒருநாள் கரையில் கிடக்குமே
சிரித்த வாய் சிரித்தபடி,
அதே ஓங்கில்தான்.

ராஜாவின் தம்பிக்கு மெஸ்யே.
பெயர் ஒட்டாத வெறும் ஐயா.

ஒரு தம்பிக்குச் சின்னதில் பாவாடை கட்டிவிட்டார்களாம்.
ரிப்பன், பவுடர், குதிகால் உயர்ந்த செருப்பு.
அண்ணன்மேல் வாள் ஓங்கும் கை
வளையலுக்குப் பழகட்டும் என்று.
வளர்ந்து ஒரு சண்டைக்குப் போனான்,
ஜெயித்தும் விட்டான்.
அதோடு சரி. அப்புறம் அவனிடம் படையே கொடுக்கவில்லை.
தோற்றிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

இதை வாசித்த ராத்திரி
எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

எங்கள் அப்பா அடைக்கலசாமி, சொல்தா.
அல்ஜீரியாவில் ஒரு காது போனது,
பென்ஷன் வந்தது,
முத்திரை குத்திய குடும்பப் புத்தகமும் வந்தது.
அதில் முதல் பக்கம் பியேர்.
அடுத்த பக்கம் வெள்ளை.
நான் பிறந்த வாரம் வெள்ளமாம்,
புதுச்சேரிக்குப் பஸ் இல்லையாம், பதியப் போக முடியவில்லையாம்.
அடுத்த வாரம் வடிந்தது.
அதற்கடுத்த வாரமும் வடிந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈரல் துண்டு அவன் தட்டுக்குப் போகும்.
போக வேண்டிய பிள்ளைடா, என்பாள் அம்மா.
நான் இருக்க வேண்டிய பிள்ளை.

முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது.
காவிரிக்குப் படித்துறை, பாட்டு, மஞ்சள், குங்குமம்.
மேட்டூர் பொங்கினால் மட்டும்
மற்றதைப் பார்த்துச் சொல்வார்கள்: கொள்.
அதற்கு இடம்தான் கொள்ளிடம்.
மிச்ச நாளெல்லாம் மணலும்
மணலுக்கு வந்த லாரியும்.
உபரிக்கு வழி விடாமல்
எவனும் அணை கட்டமாட்டான்யா என்றார்
போன வருஷம் வந்த இன்ஜினியர்.
பாராட்டித்தான் சொன்னார்.

புத்தகத்தில் இன்னொரு தம்பி இருக்கிறான்.
அவன் தாய் மூன்று மகன்களை
வரிசையாக அதே நாற்காலியில் பார்த்தவள்.
அண்ணன் செத்த சேதி வந்தபோது இவன் போலந்துக்கு ராஜா.
கிடைத்த நாட்டைப் போட்டுவிட்டு
ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையில் ஓடியிருக்கிறான்
கிடைக்காமல் இருந்த நாட்டுக்கு.

எனக்குப் போன் வந்தது ஐப்பசியில்,
மூன்றாவது ஷட்டர் ஏறாமல் மக்கர் செய்த ராத்திரி.
சார்செலிலிருந்து அண்ணி.
உங்க அண்ணன் போயிட்டாரு சூசை, என்றாள்.
மூச்சு வாங்கவில்லை, அடுத்த வார்த்தை:
பிள்ளை இல்லாத வீடு, இனி நீங்கதான் பெரியவரு.

ராஜா இறந்தார், ராஜா வாழ்க.
ஒரே வாய்தான் இரண்டையும் கத்துமாம்.

நான் எங்கும் ஓடவில்லை.
கைப்பிடியில் கிரீஸ் தடவி முப்பது சுற்று சுற்றினேன்.
அரையடி ஏறியது.
அழுகை வரும் என்று நின்றேன்,
ஆகாயத்தாமரைதான் வந்தது, கொத்துக் கொத்தாக,
கம்பால் தள்ளித் தள்ளி
விடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை.
அவன் உடம்பு அங்கே, படம் இங்கே.
படத்தில் கழுத்துப் பட்டி, என்னுடைய மூக்கு.
மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு
சாமியார் கேட்டார்:
குடும்பத்துல பெரியவரு யாரு, முன்னால வாங்க.

நான் ஒதுங்கி
வழி விட்டேன்.
யாரும் வரவில்லை.