ஃபோய்

ஒன்பது பேர் சேர்ந்தோம்.
இரண்டாம் வருடத்தில் நான்கு பேர் இருக்கிறோம்.
கல்விக்கடன் கேட்கப் போன வங்கியில்
மேனேஜர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்:
காசிமேடு. போர்த்துகீசியம்.
பிறகு, "கோவாவுல வேலையாம்மா?" என்றார்.
விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கு எதிரே
உயிருடன் / காலமானார்
பொருந்தாததை அடிக்கவும் என்றிருந்தது.
அடிக்காமல் கொடுத்தேன்.
அதையும் அவர் இரண்டு தரம் பார்த்தார்.

ராயபுரத்தில் ஏறினால் அடுத்தது பீச்.
அங்கே இறங்கி, வண்டி மாறி, சேப்பாக்கம்.
அதற்குள் ஒழுங்கற்ற வினைகளை
உதடசைத்து மனப்பாடம் செய்வேன்.
எதிர்சீட்டுக்காரர் மூக்கைச் சுருக்குவார்.
என் பையா, யாருடைய கூடையா,
எனக்கும் தெரியாது.

முதல் வாரமே எல்லோருக்கும்
ஏக்கத்துக்கான அந்தப் பிரபலமான சொல்லைச்
சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.
நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.
எனக்குப் பிடித்தது மூக்கு.
ரொட்டிக்கு பாவ்ங், கைக்கு மாவ்ங், இல்லை என்பதற்கு நாவ்ங்.
மாம்பலத்து ஸ்ரீவத்ஸன்
ஒவ்வொன்றையும் அழுத்தமாக ஒரு 'ன்' போட்டுப் பூட்டினான்.
லூர்தினா மிஸ் என்னைப் பார்த்து,
"இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது?" என்றார்.
எங்கள் தெருவில் 'வந்தான்' என்று
யார் மிஸ் முழுசாய்ச் சொல்கிறார்கள்?
'ன்' எழுத்தில்தான் நிற்கும்.
வாயில் நிற்காது, மூக்கு வழியாக ஓடிவிடும்.

அகராதியில் லெய்லாவ்ங் வந்த அன்று
விடியலில் துறைமுகத்துக்கே ஓடினேன்.
அம்மா ஐஸ் தண்ணீரில் முழங்கால்வரை நனைந்து
வஞ்சிரத்துக்குக் கூவிக்கொண்டிருந்தாள்.
ஆயிரத்து எரநூறு, ஆயிரத்து எரநூறு, ஒரு தரம்.
"ஏலங்கறது அவங்க வார்த்தையாம்மா."
"அதுக்கு இன்னா, வாடக கேக்குறாங்களா?
கூவுறது நானு.
ஆயிரத்து முன்னூறு!"

பாடப்புத்தகத்தில் ஒரு மாலுமி
கடைசியில் நம் கரையைக் கண்டுபிடிக்கிறான்.
படத்தில் கப்பல், கொடி, சிலுவை,
மூலையில் பெயரில்லாத ஓர் ஆள்
வலை உலர்த்துகிறான்.
தேர்வில் கப்பலைப் பற்றிக் கேட்பார்கள்.
நான் அந்த ஆளுக்கு
பென்சிலால் ஒரு பீடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை, இறந்தகாலம்.
கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள்.
அவர் மீனவராக இருந்தார்.
அவர் கடலுக்குப் போனார்.
இரண்டுக்கும் ஒரே வினை. ஃபோய்.
போனதும் ஃபோய், இருந்ததும் ஃபோய்.
ஸ்ரீவத்ஸன் கையைத் தூக்கினான்:
"எது எதுன்னு எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறது?"
"பக்கத்துச் சொற்களைப் பார்க்கணும்."

பக்கத்துச் சொற்கள்:
தேசப்பன், விசைப்படகு, ஏழு பேர்.
பழவேற்காட்டுக்கு வடக்கே ராத்திரி இரண்டரை மணி.
படகு வந்தது. ஆறு பேர் வந்தார்கள்.
ஐந்து வருடமாகிறது.
சான்றிதழுக்கு ஏழு ஆகணும் என்கிறது தாலுகா ஆபீஸ்.
அதுவரை அவர் இருந்தார் என்று எழுத முடியாது,
இருக்கிறார் என்று எழுத
எனக்குக் கை வரவில்லை.
போனார் என்று மட்டும் சொல்லலாம்.
அதையும் எங்கள் வீட்டில்
யாரும் அப்படியே விடமாட்டார்கள்.
கடலுக்குப் போறவன்கூட
'வரேன்' என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறான்.

ராத்திரி, செதில் ஒட்டிய கையோடு
அம்மா சாதத்தைக் கிளறினாள்.
"இன்னிக்கி இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"
"ஃபோய்" என்றேன்.
அங்கே அது முற்றுப்புள்ளி வைத்த முழு வினை.
இங்கே அம்மாவின் காதில் அது பாதி விழுந்து
கரண்டியோடு நின்றது.
"போயி?" என்றாள்,
மீதி வார்த்தைக்குக் காத்துக்கொண்டு.
"போயி இன்னாடி?"