மின்தடை நேர ஒளிபரப்பு

முதலில் டிரைவரைத்தான் சந்தேகித்தேன்.
குறுந்தகட்டில் வந்ததை நீக்கி
புதியதை இறக்கி
அதையும் நீக்கிப் பழையதற்கே திரும்பினேன்.
மூன்று முறை ரீஸ்டார்ட்.
திரையில் அதே நீலம்.
நீலத்தின் நடுவே நொறுங்கிய அப்பளமாய்
செய்தி வாசிப்பவரின் முகம்.

பிறகு டியூனர் கார்டைக் கழற்றி
மகளின் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்த ரப்பரால்
அதன் தங்கப் பற்களைத் துலக்கினேன்.
சவுண்டு கார்டும் அதுவும்
ஒரே குழாயடியில் குடம் வைத்தவர்கள் போல
மல்லுக்கு நின்றன.
பிரித்து, வேறு ஸ்லாட்டில் செருகினேன்.
ஒலி தெளிந்தது.
படம் மசியவில்லை.

அம்மாபேட்டையில் மொட்டைமாடி ஏறினால்
வடக்கே சேர்வராயன் தெரியும்.
மழைநாளில் தெரியாது, இருந்தாலும் அங்கேதான் இருக்கும்.
ஆன்டெனாவின் மீன்முள்ளை
ஏற்காட்டுக் கோபுரத்தை நோக்கி
விரல்கடை விரல்கடையாகத் திருப்பினேன்.
கீழே விசாலி, கையில் போன்.
படம் வந்தால் ஒரு மிஸ்டு கால்,
போனால் இரண்டு.
அரைமணி நேரத்தில் நாற்பத்தொன்று.
கடைசியாக ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தேன்.
"சோறு ஆறுது."

நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.
காலை 6.10 நல்ல படம்.
6.30 போச்சு.
மதியம் ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை நல்ல படம்.
அமாவாசையன்று நாள் முழுக்க.
நிலாவுக்கும் அலைவரிசைக்கும் என்ன சம்பந்தம் என்று
ஓர் இரவு முழுக்க யோசித்ததை
யாரிடமும் சொன்னதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்
துளசிராமின் நான்கு விசைத்தறிகள்.
அமாவாசைக்கு அவற்றுக்கு லீவு.
பதினோரு வருஷமாக அந்தச் சத்தம்
எனக்குக் கேட்பதே இல்லை.
என் காது பழகிய அளவுக்கு
கார்டு பழகவில்லை, அவ்வளவுதான்.
மூன்றாம் தறியின் ஸ்டார்ட்டரில்
தேய்ந்துபோன கான்டாக்ட்
ஓடும் நேரமெல்லாம் தீப்பொறி துப்புகிறது.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
நாற்பது ரூபாய் வேலை.

சொல்லலாம் என்று எழுந்தபோது கரண்ட் போனது.
மணி ஆறு.
நான்கு தறிகளும் ஒரேயடியாக மூச்சை நிறுத்தின.
மாவு மில், தெருவிளக்கு, எதிர்வீட்டு கிரைண்டர்
எல்லாம்.
யூபிஎஸ் மட்டும் கீச் கீச் என்று
என் கணினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது.
தெருவே இருண்ட அந்நேரம்
நிலக்கடலைத் துருநோயைப் பற்றிப் பேசுகிறவரின்
சட்டைப் பொத்தானில் தொங்கிய நூல்வரை
தெரிந்தது.
மலைமேல் ஜெனரேட்டர் ஓடியிருக்க வேண்டும்.

வாசலில் துளசிராம், தோளெல்லாம் பஞ்சுத்தூசி.
"ஊருக்கே இல்லீங்க, உங்களுக்கு மட்டும் எப்படி?"
உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தார்.
பதினோரு நிமிடம்
கடலை இலையின் பழுப்புப் புள்ளிகளை
கூலி கணக்குப் பார்ப்பவர்போல் பார்த்தார்.
பேட்டரி செத்தது.

இருட்டில் கேட்டார்:
"ரெண்டு மாசமா என்னமோ நோண்டிட்டே இருந்தீங்களே,
கடைசில என்னதான் கோளாறு?"

கரண்ட் இருப்பதே நாளில் பாதி.
அந்தப் பாதியிலும் எனக்காக
மூன்றாம் தறியை நிறுத்தக்கூடிய மனுஷன்.

"டிரைவர்" என்றேன்.

மறுநாள் சங்ககிரி மச்சானிடமிருந்து
பழைய லாரி பேட்டரி ஒன்றை
டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக் கொண்டுவந்தார்.
"இது ரெண்டு மணி நேரம் இழுக்கும். நூறு ரூபா எண்ணெய்ச் செலவு மட்டும் குடுங்க."
யூபிஎஸ்ஸின் வயிற்றைத் திறந்து
தடித்த வயர்களை வெளியே இழுத்தேன்.
விசாலி அதன்மேல் பழைய தலையணை உறை போர்த்தினாள்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் ஆறேழு பேர்.
தறிக்காரர்கள், மாவு மில் பையன்,
விளையாட்டு வந்தால் இன்னும் நான்கு.
கரண்ட் வந்ததும்
எழுந்து ஓடிவிடுவார்கள்.
அடுத்த நொடி திரையில் அப்பளம்.

புதிய கான்டாக்ட் செட்
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது
இழுப்பறையில், ரப்பருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
மாற்ற வேண்டும்.

நாளை முதல் மின்தடை
இரண்டிலிருந்து நான்குவரை என்கிறார்கள்.
ரெக்கார்டிங் நேரத்தையும் மாற்ற வேண்டும்,
மறப்பதற்குள்.