குறிப்புக் கட்டம்

மாதத்தின் முதல் திங்கள்,
ஆறரை மணி, அத்திப்பட்டு ரயில்வே கேட்.
நிலக்கரி ரேக் போய் முடியப் பதினேழு நிமிடம்.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில்.
இப்போது இல்லை.
எண்ணுவதற்கென்றே எனக்குச் சம்பளம் இருக்கிறது.

பதினொரு கண்காணிப்புக் குழாய்கள்.
ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடிக்குப் பூட்டு,
பூட்டுக்குத் துரு,
துருவுக்கு என் பையில் தேங்காய் எண்ணெய்.
மஞ்சள் நாடாவை இறக்குகிறேன்.
முனை தண்ணீரைத் தொட்டதும்
கையிலிருக்கும் பெட்டி கீச்சென்று கத்தும்.
அவ்வளவுதான் அது பேசும்:
இருக்கிறேன்,
மூன்று புள்ளி நான்கு இரண்டில்.

மழைமானி மட்டும் தினமும், காலை எட்டரைக்கு,
பம்ப் ஹவுஸ் மாடியில்.
சித்திரையில் ஒருநாள் மேகமே இல்லை,
நான்கு மில்லிமீட்டர் நின்றது.
காவலாளி தணிகைவேலு டிபன் டப்பா கழுவியிருக்கிறார்,
புனலின் ஓரத்தில் ஒரு பருக்கை.
“மய பேஞ்சா மாரி இருக்கட்டுமேன்னுதான்”
என்று சிரித்தார்.
பூஜ்யம் எழுதினேன்.
ரச வாசனைக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.

தேதி, நேரம், ஆழம், மழை.
கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டியின் பக்கவாட்டளவு.
நாலு வருடமாகக் காலி.

மாசி, பங்குனி, சித்திரை.
பத்துக் குழாய்களில் தண்ணீர் இறங்கியது.
ஏழாம் எண்ணில் மட்டும் ஏறியது.
கொசஸ்தலையில் மணல் லாரித் தடம் காய்ந்து கிடக்க,
இது மட்டும் எங்கிருந்து குடித்தது?
அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.
ஏறினால் பச்சை என்பது விதி.
வரைபடத்தில் அந்த இடம்
நாற்று நட்டதுபோல் இருந்தது.

ஏழுக்குப் பின்னால் கரை,
கரைக்குப் பின்னால் சாம்பல் குட்டை.
குழைத்த சாம்பல் குழாய்வழி வந்து விழும் சத்தம்
பெரிய அண்டாவில் கஞ்சி தளதளப்பது போல.

எதிர்வீட்டு எமிலியா
குடங்களோடு தண்ணி லாரிக்கு நின்றிருந்தாள்.
அவள் வாசலில் கைப்பம்பு உண்டு,
கைப்பிடியில் பள்ளிச் சீருடை காய்ந்தது.
“இன்னா மேடம், எவ்ளோ கீது?”
“ஒன்று புள்ளி எட்டு. நல்லா ஏறியிருக்கு.”
“எவ்ளோ கீதுன்னு மாசாமாசம் பாக்குறியே,
எப்டி கீதுன்னு ஒரு தபா பாக்க மாட்டியா?”

அது வேற டிபார்ட்மெண்ட் என்றேன்.
உண்மைதான்.
ஆனாலும் சொல்லி முடித்தபின்
இரண்டு மீட்டர் நாடாவைச் சுற்ற
அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.
முனையைத் துப்பட்டாவில் துடைத்தேன்.
மூன்று முறை துவைத்தும் அந்த மூலை
வெளுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்துப் பெய்தது.
காலையில் கால்சட்டையை மடித்துக்கொண்டு மாடியேறினேன்.
அளவுக் குடுவையில் ஊற்றிக்
கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் காத்திருந்தேன்.
மேலே மழை தெளிந்தது.
அடியில் மை மாதிரி
நிலக்கரித் தூள் படிந்தது, மெல்ல,
தனக்கும் இதில் பங்குண்டு என்பதுபோல்.
அறுபத்திரண்டு புள்ளி நான்கு.
தூளைக் கழித்துக்கொண்டு எழுதுவதா,
சேர்த்தே எழுதுவதா?
பயிற்சியில் சொல்லித்தரவில்லை.
தணிகைவேலு எட்டிப் பார்த்து
“இது நான் கழுவுனது இல்ல மேடம்” என்றார்.

சேர்த்தே எழுதினேன்.
எழுதும்போது விரல் இழுபட்டு
குறிப்புக் கட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு.
ரப்பர் பையில்தான் இருந்தது,
எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில்.

மத்தியானம்
பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் ஹேமாவதி
போன் செய்தாள்:

“மேடம், கடைசிக் கட்டத்துல என்னவோ போட்டிருக்கீங்களே.
ஒண்ணா, ஏழா?”