டோக்கன்

காட்பாடி மேம்பாலத்துக்கு அடியில்
மாநகராட்சி வண்டியை நிறுத்தி
இரவுக் காப்பகத்துக்கு ஆள் சேர்த்தோம்.
பாய் உண்டு, ஃபேன் உண்டு, காலையில் உப்புமா.
நாய்க்கு இடமில்லை.

‘அப்ப எனக்கும் வேணாம்’ என்றாள் தனபாக்கியம்.
ஆஸ்பத்திரி வரிசையில் அவள் காலைச் சுற்றிய குட்டியாம்.
டோக்கன் என்று பேர்.

உனக்கே ஒருவேளைச் சோறு,
இதுல நாய் ஒரு கேடா என்று
வண்டிக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.
நான்தான்.

‘எனக்குன்னு கேட்டா சில்றை இல்லம்பாங்க சார்.
இதுக்குன்னா பொறை வாங்கிப் போடுவாங்க.
பாதி நான் துன்னுடுவேன்.
இது யாராண்டயும் சொல்லாது.’

பிறகு தூணைப் பார்த்துக்கொண்டு,
‘முன்னல்லாம் ராத்திரில தூங்கமாட்டேன்.
குந்தினே இருப்பேன்.
கைல ஒரு கல்லு.’

படிவத்தில் ‘வர மறுத்தார்’ என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது.

வண்டி கிளம்பியதும்
மூன்றாவது விளக்குக் கம்பம்வரை
குரைத்துக்கொண்டே துரத்தியது டோக்கன்.
அதோடு சரி.
ரோந்து முடித்த ஆள்போலத் திரும்பி நடந்தது.

கண்ணாடியில் பார்த்தேன்:
அதற்குள் அவள்
முழங்கையைத் தலைக்குக் கொடுத்து
தூங்கியே போயிருந்தாள்.