குறிப்பிடப்படவில்லை

மண்டபத்தில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மாடியில் எங்கள் கிளினிக்.
கீழே ஐஸ் உடைக்கிற கடை.
என்னிடம் நோயாளிகள் வருவதில்லை,
தாள்தான் வரும்.
டாக்டர் ஹபீப் எழுதியதை எண்ணாக்கி
இன்சூரன்ஸுக்கு அனுப்புகிறேன்.

எல் ஐம்பது என்றால் தடிப்பு.
ஜே நாற்பத்தைந்து என்றால் இழுப்பு.
புள்ளிக்குப் பிறகு பூஜ்யம் வந்தால்
ஒவ்வாமைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.
ஒன்பது வந்தால்
குறிப்பிடப்படவில்லை.
இந்தக் கரையிலிருந்து நான் அனுப்புவதில்
பாதிக்கு மேல் ஒன்பது.

சலேத்மேரி, முப்பத்து நான்கு, தங்கச்சிமடம்.
தொழில் என்ற கட்டத்தில் 'கூலி'.
ஆறு நாளாய் அலர்ஜி மாத்திரை நிறுத்தியிருக்கிறார்
என்று நர்ஸ் ரமீஜா குறித்திருந்தாள்.
அந்த ஒரு வரி இல்லையென்றால்
முழுப் பரிசோதனையும் தண்டம்.
முன்கையில் பதினான்கு குத்து.
முதலில் உப்புநீர், கடைசியில் ஹிஸ்டமின்,
நடுவே தூசிப்பூச்சி, கரப்பான்,
சீமைக்கருவேல மகரந்தம், பனம்பூ, இறால், நண்டு
என்று பன்னிரண்டு.

பதினான்கு போட்டால்
பன்னிரண்டுக்குத்தான் காசு என்பான் இன்சூரன்ஸ்காரன்.
உப்புநீர் ஊசி மட்டும் வலிக்காதா என்று
போன மாதம் ஃபோனில் சண்டை போட்டேன்.
ஜெயிக்கவில்லை.

கால்மணி கழித்து
வீக்கத்தைச் சுற்றி நீல மையால் கோடு.
மேலே செலோடேப் ஒட்டி, உரித்து,
அப்படியே தாளில் ஒட்டிவிடுவாள் ரமீஜா.
மற்றதெல்லாம் கொசுக்கடி அளவு.
நண்டு பதினோரு மில்லிமீட்டர்,
ஒரு பக்கம் கால் நீட்டியிருந்தது.
டேப்புக்குள் கைமுடி ஒன்று
மாட்டிக்கொண்டிருந்தது.

நண்டுக் கம்பெனியில் அவிக்கிற அறையை எனக்குத் தெரியும்.
என் அக்கா இரண்டு வருஷம் அங்கே சதை பிரித்தாள்.
சுவரிலிருந்து ஆவி தண்ணீராய் வழியும்.
தெரிந்து என்ன?
டேப்பைப் பார்த்து நான் நோயை எழுதக் கூடாது.
டாக்டர் எழுதாதது நடக்காதது,
பயிற்சியில் முதல் நாள் சொன்னது அதுதான்.
அவர் எழுதியிருந்தது:
இழுப்பு.

கேள்விச் சீட்டு அனுப்பலாம்.
அதற்குள்ளும் பதிலை ஒளித்து வைக்கக் கூடாது.
'நண்டு ஆவியாலா?' என்று கேட்டால் தப்பு.
நாலு தரம் கிழித்துப்போட்டுவிட்டு
பச்சைத் தாளில் எழுதினேன்:
'பரிசோதனை முடிவுக்கும் இழுப்புக்கும்
தொடர்பு இருந்தால் குறிப்பிடவும்.
நோயாளி செய்யும் வேலை என்ன, குறிப்பிடவும்.'

மறுநாள் சாயங்காலம்
தாளுக்குப் பதில் சலேத்மேரி வந்து நின்றார்.
கையில் நீலக்கோடு முழுக்க அழியவில்லை.
"டாக்டரு கேட்டாரு. நீங்கதான் கேக்கச் சொன்னீகளாம்.
அவிக்கிற வேலைன்னு எழுதிறாதீக தம்பி.
கார்டு கம்பெனி குடுத்தது,
காயிதமும் கம்பெனிக்குத்தான போகும்?
அப்புறம் எனக்கு ஷிப்ட்டு இருக்காது.
ஒண்ணும் சொல்லாம விடுறதுக்கு
நம்பர் எதுவும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

படியில் பாதி இறங்கியவர் திரும்பி,
"ஞாயித்துக்கிழமை மட்டும்
மூச்சு நல்லா வருது" என்றார்.
"அதயும் எழுதிறாதீக."

டாக்டர் பச்சைத் தாளைத் திருப்பி அனுப்பினார்.
ஒவ்வாமை இழுப்பு. நண்டு.
அறிவுரை: நண்டு சாப்பிடுவதைத் தவிர்க்கவும்.
தொழில் கட்டத்தில் கூலி, கூலியாகவே இருந்தது.
ஒன்பதை அழித்துப் பூஜ்யம் வைத்தேன்.

இசட் ஐம்பத்தேழு புள்ளி மூன்று
என்று ஓர் எண் உண்டு.
வேலை செய்கிற இடத்துக் காற்று.
மூன்று வருஷத்தில் ஒருமுறையும்
நான் அதை அடித்ததில்லை.
அன்றைக்கு அடித்தேன்,
திரையில் கொஞ்ச நேரம் பார்த்தேன்,
ஒவ்வொரு எழுத்தாய்ப் பின்னால் போய் அழித்தேன்.
கீழே ஐஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டாம் நாள் பணம் வந்தது,
பன்னிரண்டுக்கு.