நான்கு பிரதிகள்

செனிட்சா உருக்காலையின் வீட்டுவசதிக் குழுவுக்கு
நான்தான் தட்டச்சர்.
கார்பன் வைத்து நான்கு பிரதி.
ஒன்று குழுவுக்கு, ஒன்று கட்சிக்கு,
ஒன்று அறிவிப்புப் பலகைக்கு.
நான்காவது யாருக்கென்று
பதினோரு வருடமாக யாரும் சொல்லவில்லை.
கோப்பில் போட்டுவிடுவேன்.

புள்ளிக் கணக்கு எளிது.
வேலை பார்த்த வருடத்துக்கு இரண்டு.
பிள்ளைக்கு ஐந்து.
ஈரச்சுவர் வீடென்றால் எட்டு, ஆனால்
ஆய்வாளர் வந்து
சுவரில் கை வைத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்
(அவர் கோடையில்தான் வருவார்).
நெஞ்சு நோய்க்குப் பன்னிரண்டு.
கடைசியில் ஒரு கட்டம்: பதவியின் முக்கியத்துவம்.
அதற்கு மட்டும் உச்சவரம்பு இல்லை.

மெவ்லுதின் துர்மோ, இரண்டாம் உலை.
ஒன்பது வருடமாக ஏழாம் எண்.
மேலே இருந்த ஆறு பேரும் சாவி வாங்கிப் போவார்கள்,
வேறு ஆறு பேர் வந்து உட்காருவார்கள்:
லியுப்லியானாவிலிருந்து ஒரு பொறியாளர்,
திட்டப் பிரிவுக்குப் புதிய தலைவர்,
இயக்குநரின் மைத்துனர், சிறப்புத் தேவை.
"ஏழு என் எண் இல்லையம்மா, என் விலாசம்," என்பார் மெவ்லுதின்.
"கடிதம் போட்டால் அங்கேயே வந்து சேரும்."

ஒரு முறை அவரையே தொழிலாளர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.
பட்டியல் வாக்கெடுப்புக்கு வந்தது.
ஏகமனதாக நிறைவேறியது.
தன் ஏழுக்குத் தானே கை தூக்கினார்,
சட்டைக் கைமடிப்பில் தீப்பொறி சுட்ட ஓட்டைகளோடு.
பிறகு எழுந்து கேட்டார்:
"ஆலை நம்முடையது என்று வாசலில் எழுதியிருக்கிறது. சரி.
சாவிக்கொத்து யாரிடம்?"
நடவடிக்கைக் குறிப்பில் நான் அடித்தேன்:
தோழர் துர்மோ விவாதத்தில் பங்கேற்றார்.

வாசல் பலகையில் இன்னொரு வரியும் உண்டு.
எழுபத்தைந்துக்குள் எல்லோருக்கும் வீடு.
எழுபத்தாறு சனவரியில் ஏணியோடு வந்தார்கள்,
எழுபத்தைந்தை அழித்து எண்பது என்றார்கள்.
பெயிண்டர் அனுபவசாலி,
எண்ணுக்கு மட்டும் பூச்சை மெல்லிசாகப் போட்டார்.

செவ்வாய் மாலைகளில் அரசியல் வகுப்பு.
துணை இயக்குநர் பாரிஷிச் சொல்வார்:
ஒரு நாள் வர்க்கங்கள் இராது,
அரசு தானாகவே வாடி உதிர்ந்துவிடும்.
அழகாகப் பேசுவார், சுருக்கெழுத்தில் பிடிக்க வசதியான வேகம்.
நான் என் மேசையிலுள்ள முத்திரைகளை எண்ணினேன்.
ஒன்பது.
எது முதலில் உதிரும் என்று கேட்க நினைத்தேன்.
வெளியே அவருடைய ஓட்டுநர்
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.

மார்ச்சில் மெவ்லுதின் இறந்தார்.
ஹாதிஜா வந்தாள், குடையிலிருந்து தண்ணீர் சொட்ட,
எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.
அவள் எதிரிலேயே கணக்குப் போட்டேன்.
பணிக்காலம்: பணியாளரைச் சார்ந்தது, நீக்கம்.
நெஞ்சு நோய்: நோயாளி இல்லை, நீக்கம்.
பிள்ளைகள் மூன்று. ஈரச்சுவர் அப்படியே இருக்கிறது.
இருபத்துமூன்று புள்ளி.
நாற்பத்தோராம் எண்.

"அந்தப் பன்னிரண்டு எங்கே போயிற்று?" என்றாள்.
கோபமாக இல்லை.
கடையில் சில்லறை குறைந்தால் கேட்பது போல.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
முத்திரை தொலைந்தால் என்ன செய்வதென்று இருந்தது.

எட்டாம் எண் யாரென்று அவள் கேட்கவில்லை.

அன்று மாலை தாளைச் செருகினேன்.
ஏழு என்று அடித்துப்
பக்கத்தில் என் பெயரை அடித்தேன்: ஸ்தானா விதாகொவிச்.
ஒரு எழுத்துப் பிழை இல்லை.
உருவி எடுத்துப் பார்த்தால்
முதல் மூன்றிலும் பெயர் இருந்தது.
நான்காவதில் இல்லை.

கார்பனை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
சிக்கனம் என்று மாற்றாமலே வைத்திருந்த தாள்.
மற்ற வரிகளில் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன;
ஏழாவதில் மட்டும்
அதே எழுத்துகள், அதே இடத்தில்,
மாதா மாதம்.
மை தேய்ந்து அங்கே வெளிச்சம் வந்தது,
அவர் பெயரின் நீளத்துக்கு.

புதுக் கார்பன் இழுப்பறையில் இருந்தது.
நான் எடுக்கவில்லை.
ஏழாவது வரி காலியாகவே
நான்காவது பிரதியைக் கோப்பில் போட்டேன்.
யாருக்கென்று இன்னும் தெரியாது.
மற்ற மூன்றிலும்
கையெழுத்து வாங்கப் போனேன்.