மற்றவை

இரவு இரண்டே காலுக்குத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.
தரைத்தளம், வரவேற்புக் கூடம், உணரி எண் பதினாறு.
நீர்க்கசிவு.

நான் இருப்பது இரண்டாம் அடித்தளம்,
ஜன்னல் இல்லாத அறை.
ஒன்பது மாடியும் எனக்கு எண்களாகத்தான் தெரியும்.
ஆறாம் மாடியில் ஹாம்பர்க் ஆர்டரோடு மல்லுக்கட்டும்
ஏழு பேரின் மூச்சு
கரியமிலவாயுவாக ஏறும்போது விசிறியை ஒரு படி கூட்டுவேன்.
அவர்கள் முகம் பார்த்ததில்லை.
யாராவது அசையாமல் யோசித்துக்கொண்டிருந்தால்
ஆளில்லை என்று விளக்கை அணைத்துவிடும் இந்தக் கட்டடம்.
இருட்டில் கையை வீசுவார்கள் போல,
மறுபடி எரியும்.

பதினாறு வேறு கதை.
அஸ்திவாரம் தோண்டியபோது நாலாவது அடியில்
சுடுமண் வளையம்,
அதன்கீழ் இன்னொன்று, அதன்கீழ் இன்னொன்று.
உறைகிணறு.
தொல்லியல்காரர்கள் கயிறு கட்டி ஏழு மாதம் நிறுத்திவைத்தார்கள்.
கான்ட்ராக்டர் செங்கோட்டுவேல் வட்டியை எண்ணிப் பல்லைக் கடித்தார்.
ஷெரின் என்கிற ஆர்க்கிடெக்ட் வந்தாள்,
வரைபடத்தில் ஒரு தூணை ஐந்தடி நகர்த்தினாள்,
போய்விட்டாள்.
அந்த ஐந்தடிக்காக
ஒன்பது மாடியிலும் ஒரு தூண் சாய்ந்தே ஏறுகிறது.
நாலாம் மாடிக்காரர்கள் அதில் ஆணி அடித்துக் குடை மாட்டுகிறார்கள்.

கிணற்றுக்கு மேலே கனத்த கண்ணாடித் தரை.
வருகிறவர்கள் முதல்நாள் சுற்றிக்கொண்டு போவார்கள்,
மறுநாள் மிதித்துக்கொண்டு.

மேலே ஏறினேன்.
வாட்ச்மேன் மாரப்பண்ணன் டார்ச்சோடு குனிந்திருந்தார்.
"கண்ணாடி பொளந்துருச்சுங்களா அம்மிணி?"
"இல்லீங்ணா. கெணத்துல தண்ணி."
"எந்தக் கெணத்துல?"
ஒரு வருசமாக அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்.

அமராவதியில் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று
சாயங்காலம் திருமாநிலையூர் பாலத்தில் கூட்டம் நின்றது, நானும் பார்த்தேன்.
ஆனால் ஆறு மட்டும் காரணமில்லை.
அடித்தளம் நனையாமலிருக்க
ராப்பகலாக ஊற்றை உறிஞ்சும் பம்ப் ஒன்று
பதினொரு மணிக்கே நின்றிருக்கிறது.
அதற்கு எச்சரிக்கை வரவில்லை.
அதன் உணரிக்கு இன்னும் பில் பாஸாகவில்லை.

கறுப்பாக, வளையத்துக்குள் வட்டமாக, அசையாமல்.
சாயப்பட்டறை நாற்றம் அடிக்குமோ உப்புக்கரிக்குமோ தெரியாது,
கண்ணாடியைத் திருகி மூடியிருக்கிறார்கள்.
எங்கள் இருவர் தலையும் அதில் தெரிந்தன.
எவ்வளவு நேரம் நின்றோமோ,
பட்டென்று விளக்கு அணைந்தது.
மாரப்பண்ணன்தான் கையை வீசினார்.

கீழே வந்தால் திரை காத்துக்கொண்டிருக்கிறது.
காரணத்தைத் தேர்வு செய்யவும்:
குழாய் உடைப்பு.
உணரி பழுது.
துப்புரவுப் பணி.
மற்றவை.

மற்றவையைத் தொட்டேன்.
விவரம் எழுத ஒரு கட்டம் திறந்தது. இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
காலியாக விட்டேன், ஏற்றுக்கொண்டது.

பம்பை இப்போது போட்டால் விடிவதற்குள் வற்றிவிடும்.
போடாவிட்டால் கிழக்குச் சுவரில் ஓதம் ஏறும்,
ஆறு மணி ஷிப்டுக்கு வரும் நவநீதன் கேட்பான்.
கிழக்குச் சுவருக்கு அந்தப்புறம் அதே மண்தான்,
அதே கிணறு.
என் நாற்காலியிலிருந்து பார்த்தால்
தண்ணீர் தலைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது.
சுவரில் உள்ளங்கையை வைத்தேன்,
ஏசி குளிர்தான்.

ஐந்தேமுக்காலுக்குப் போட்டுக்கொள்ளலாம்.